சட்டத்துக்குத்தான் விலை

கொழிஞ்சாம்பாறை ஆக்ரிக்கடையில்
தராசுக்குப் பின்னால் தலைகீழாகச் சாய்ந்திருந்தாள்.
நெல்லியாம்பதி எஸ்டேட் பங்களாவைக் காலி செய்த லாரி
ஒரு குளியல் தொட்டி, பதினேழு கதவுக் குமிழ்கள்,
கொம்பில்லாத மான்தலையோடு
இவளையும் இறக்கிவிட்டுப் போயிருந்தது.

"சட்டத்துக்குத்தானுங் வெல டீச்சர்" என்றார் ஆறுச்சாமி.
"பழைய தேக்கு. படம் சும்மா."
சலூன் ஷம்சு முன்பணம் கொடுத்துவிட்டானாம்.
கண்ணாடி மாட்ட அளவு சரி.

நிமிர்த்தி வைத்தேன்.
இருட்டு. கருப்பட்டிப் பாகு நிறத்தில் முழுக்க இருட்டு.
அதற்குள் பாதிக் கன்னம், ஒரு காது,
சரிந்த சிவப்புத் தொப்பியின் பொன்குஞ்சம்.
மிச்ச முகத்தை நாமாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

பின்புறத் தாளில் ஐந்து எழுத்து.
மலையாளம் இல்லை, தமிழ் இல்லை, இங்கிலீஷும் இல்லை என்று
கடைப்பையன் பிஜு அடித்துச் சொன்னான்.
எனக்குத் தெரியும் அவற்றை.
பதினெட்டு வருஷமாகப் பிளஸ் டூவுக்கு, தமிழ் மீடியத்தில்,
எழுதி எழுதி அழித்தவை.
டெல்டா: வேறுபாடு.
எப்சிலான்: எவ்வளவு வேண்டுமானாலும் சிறியது.
சிக்மா: கூட்டிக்கொண்டே போ.
பை, பெரிய பை: பெருக்கு.
ஒமேகா: மின்தடை; அது பக்கத்து வகுப்பு பாஸ்கரன் சாருடையது.

வாழ்க்கையில் முதல்முறையாக
சேர்த்து வாசித்தேன்.
டெஸ்போ.
கரும்பலகையிலிருந்து யாரோ திரும்பிப் பார்த்ததுபோல் இருந்தது.

கீழே பொடி எழுத்தில் ஊர், 1871.
மொனாக்கோ என்று படித்து ஏமாந்தேன்.
ம்யூனிக்கை அவர்கள் அப்படித்தான் எழுதினார்களாம்,
இரவெல்லாம் போனில் தேடித் தெரிந்துகொண்டது.
துருக்கியரிடமிருந்து நாட்டை மீட்ட கையோடு
பவேரியாவிலிருந்து ஒரு ராஜா வந்து இறங்கினான்.
ராஜா வந்த வழியே ஓவியர்கள் போனார்கள்.
அதுவரை அங்கே தீட்டியதெல்லாம் பெரும்பாலும் புனிதர்கள்:
தங்கத்தின்மேல், நேருக்கு நேர், நிழல் விழாத முகங்கள்.
போனவர்கள் நிழலோடு திரும்பினார்கள்.
வியாபாரிகள் தங்கள் மனைவிகளை அதில் உட்காரவைத்தார்கள்.
இவள் உடுத்தியிருக்கும் தேசிய உடைகூட
ஜெர்மனியிலிருந்து வந்த ராணி ஒருத்தி யோசித்ததாம்.

சிரிப்பு வந்தது.
தமிழ்ப் பாடப்புத்தகம் திருவனந்தபுரத்திலிருந்து
ஓணம் கழிந்து வந்துசேரும் ஊரில் இருந்துகொண்டு
நான் சிரிக்கக் கூடாது.

அந்தப் பழுப்பில் தார் இருக்கிறது.
வேலந்தாவளம் எல்லை வரை ரோட்டில் கிடக்கும் அதே சாதித் தார்.
ஆழம் தெரியட்டும் என்று கலந்தார்கள்.
அது முழுசாக உலர்வதே இல்லை,
மே மாசக் கம்பாலத்தறை ஏரிபோல் வெடிக்கும்,
வெடித்த பிறகும் உள்ளே ஈரம்.
ஓவியன் கையெழுத்து ஒரு வெடிப்புக்குள் போய்விட்டது.
ஒரு சாய்கோடு மட்டும் பாக்கி.
அதை வைத்து மார்க் போட முடியாது.

மறுநாள் ஷம்சு ஸ்க்ரூடிரைவரோடு வந்தான்.
துணியைக் கிழித்தெடுத்துச் சுருட்டப்போன பிஜுவை
ஒரு கத்துக் கத்தினேன். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை.
உள்மரத்தோடு கழன்று வந்தாள்.
சட்டம் ஆயிரத்து இருநூறு, சலூனுக்கு.
டெஸ்போ சும்மா.

மார்ச் மாச உச்சிவெயில்.
தாம்பாளம் ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு
பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.
எங்கேயோ வெடித்த இலவங்காயின் பஞ்சு ஒன்று
மிதந்து வந்து அவள் தாடையில் உட்கார்ந்தது.
ஊதினேன். போகவில்லை.
விரலால் எடுக்கப் பார்த்தேன்.
பஞ்சு அங்கேயே இருந்தது, விரல் பழுப்பாகிவிட்டது.

சித்தூர் பஸ்ஸில் கண்டக்டர்
வெள்ளைநிறப் பையை மார்போடு அணைத்துத் தள்ளி நின்றார்.
"பெயின்ட் உணங்ஙியில்லல்லோ டீச்சரே."
காலையில் நான் வரைந்தது என்று நினைத்துவிட்டார்.

"இல்லை" என்றேன்.
"இன்னும் இல்லை."